ஏழாவது ரேடியேட்டர்

கிரான்பர்ன், மெல்பேர்ன்
மே 14

நிரூபாவுக்கு,

"இந்த வாசலைத் தாண்டினா எனக்குப் போன் எடுக்க வேண்டாம்" என்று நான் சொன்னேன். "சரி, எடுக்க மாட்டன்" என்று நீர் சொன்னீர். மார்ச் மாதத்திலிருந்து இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கடிதத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இது சமாதானக் கடிதம் அல்ல. வீட்டு நிர்வாகம் சம்பந்தப்பட்டது. குளிர் தொடங்கிவிட்டது, ரேடியேட்டர்கள் சூடாகவில்லை. மாலையில் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு ஹோலில் இருந்து பிள்ளைகளின் கணிதத் தாள்களைத் திருத்துகிறேன். நேற்று விரல் விறைத்துப்போய், சரியான விடை ஒன்றுக்குப் பிழை போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஆளைக் கூப்பிட்டுத் திருத்தலாம்தான். ஆனால் நமக்குத் தெரிந்தவர்களில் ரேடியேட்டர் வேலை தெரிந்தவன் பிளம்பர் சுஜீதன் ஒருவன்தான். அவன் வீட்டுக்குள் கால் வைத்ததும் "அக்கா எங்கை?" என்றுதான் கேட்பான். இரவுக்குள் கிரான்பர்ன் முழுக்கக் கதை போய்விடும். மற்றக் கொம்பனிக்காரர்கள் ஜூலை வரைக்கும் நேரமில்லை என்கிறார்கள்.

இதுவரை அவற்றை நீர்தான் பார்த்து வந்தீர். என்ன செய்வீர் என்று எழுதி அனுப்பினால் போதும். அல்லது நீரே ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம். உம்முடைய வீடும்தானே, யாரும் தடுக்கவில்லை.

இளங்கீரன்


வெஸ்ட்மீட், சிட்னி
மே 20

அதிபர் அவர்களுக்கு,

உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அதிபராகப் பெற்றோருக்கு எழுதுவது மாதிரியே பெண்டாட்டிக்கும் எழுத உங்களால்தான் முடியும். மொழிநடையில் ஒரு குறையும் இல்லை.

முதலில் என் பக்கத்து விடயம். மெரிலேண்ட்ஸ் கடையில் நம்முடைய ஊர்ச் சிவாஜினியைக் கண்டேன். "என்னடி, ஆறு மாசம் ட்ரெயினிங்காமே? அண்ணை எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறாராம்" என்றாள். கையில் எடுத்த முருங்கைக்காயைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் பயிற்சிக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்குப் பொறுப்பான நேர்ஸாக வந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக உங்கள் வேலை எங்கேயோ அங்கே நான் என் வேலையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு முறை எனக்கென்று ஒரு வேலை வந்தது. "அங்கை போய்த்தான் பெரியாள் ஆக வேணுமோ?" என்று கேட்டீர்கள். ஓம், இங்கே வந்துதான் ஆனேன்.

சரி, நோயாளிக்கு வருவோம். ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் சூடாகவும் மேல்பக்கம் குளிராகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். குசினியில் மூன்றாவது இழுப்பு லாச்சிக்குள், துருவலைக்குப் பின்னால், சாவி மாதிரி ஒரு சின்னப் பித்தளைத் திறப்பு கிடக்கும். பொயிலரை நிறுத்தி ஆறவிடுங்கள். ஒவ்வொரு ரேடியேட்டரின் மேல் ஓரத்திலும் ஒரு திருகாணி இருக்கிறது. கீழே பழந்துணியைப் பிடித்துக்கொண்டு திறப்பைப் போட்டுக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். காற்று ஸ்ஸ் என்று போகும். பிறகு தண்ணீர் துளிர்க்கும். துளிர்த்ததும் பூட்டிவிடுங்கள். கால் சுற்று. நீங்கள் கணித ஆசிரியர், விளக்கத் தேவையில்லை.

நீங்கள் கலைவிழாப் பேச்சு எழுதிக்கொண்டிருந்த வருடங்களில் பொயிலரோடு வந்த புத்தகத்தை வாசித்து நானாகப் பழகியது இது. நீங்களும் பழகுவீர்கள்.

வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் பிளம்பர் இல்லை. வர மாட்டேன்.

நிரூபா


கிரான்பர்ன்
மே 26

நிரூபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கேலியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பயனுள்ள கடிதம்.

திறப்பு சொன்ன இடத்திலேயே இருந்தது. ஹோலில் இரண்டு, குசினியில் ஒன்று, எங்கள் அறை, மகள் வினுஷாவின் அறை, குளியலறை எல்லாவற்றிலும் காற்றை விட்டேன். ஹோலில் கால் சுற்றுத்தான் திருப்பினேன் என்று நினைக்கிறேன். அரைச் சுற்றாகவும் இருந்திருக்கலாம். பெற்றோர் கூட்டத்துக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்புத் தண்ணீர் அடித்துவிட்டது. மாற்ற நேரமில்லை. மேலே கோட்டைப் பூட்டிக்கொண்டு போய்த் தலைமையுரையை நடத்தி முடித்தேன். ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் குளிர் போகவில்லை. இதில் ஓர் அநியாயத்தைக் கேளும். பின்னேரம் நான் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது வீடு இதமாக இருக்கிறது. முகம் கழுவி, சாமி கும்பிட்டு, சாப்பிட உட்காரும்போது ரேடியேட்டர் எல்லாம் கல்லு மாதிரிக் கிடக்கிறது. விடியவும் இதே கதை. எழும்பும்போது சூடு, சாமி கும்பிட்டுத் தேத்தண்ணி குடித்து முடியும்போது ஒன்றுமில்லை. ஞாயிறு என்றால் பகல் முழுக்கக் குளிர். ஆளில்லாதபோது சூடேறி, ஆளைக் கண்டதும் குளிர்ந்துபோகும் வீட்டை நான் இப்போதுதான் பார்க்கிறேன். வீடும் உம்முடைய கட்சியில் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது.

பயிற்சி என்று சொன்னது உம்முடைய மரியாதைக்காகத்தான். புருஷனோடு கோபித்துக்கொண்டு போனவள் என்று நாலு பேர் பேசுவதைவிட அது நல்லது. குளிர்கால விடுமுறைக்குள் நீர் வந்துவிடுவீர் என்ற எண்ணத்தில் சொன்னேன். இப்போதும் அதே எண்ணம்தான்.

இளங்கீரன்


வெஸ்ட்மீட்
மே 31

அதிபர் அவர்களுக்கு,

என் மரியாதையை நான் பார்த்துக்கொள்வேன். நீங்கள் காப்பாற்றியது உங்களுடையதை. அதைக் காப்பாற்ற எனக்கு ஒரு பொய்ச் சான்றிதழ் வழங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நான் கோபித்துக்கொண்டு வரவுமில்லை. வேலைக்கு வந்தேன். கோபித்துக்கொண்டது நீங்கள்.

அந்தச் சட்டையின் கறை போகாது. தோய்த்துப் பார்த்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

காற்றை விட்டபோது தண்ணீரும் போயிருக்கும். உடுப்புத் தோய்க்கிற லோன்றியில் பொயிலருக்குக் கீழே சின்ன மணிக்கூடு மாதிரி ஒரு வட்டம் இருக்கிறது. அதில் முள் ஒன்றுக்குக் கீழே நின்றால், பக்கத்துக் குழாயை மெல்லத் திறந்து ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வரும்வரைக்கும் தண்ணீர் ஏற்றுங்கள். பிறகு நடைக்கு வந்து சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். எவ்வளவுக்கு வைத்திருக்கிறீர்கள், அது எவ்வளவு காட்டுகிறது என்று இரண்டையும் எனக்கு எழுதுங்கள். ஒரு சோதனைக்காக அதை முப்பதுக்கு ஏற்றிவிட்டு லோன்றியில் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். பொயிலர் தொடங்கி எல்லாம் சூடேறினால் ரேடியேட்டர்களில் ஒரு நோயும் இல்லை. வேறு எங்கோ பார்க்க வேண்டும்.

ஏழு ரேடியேட்டர் உள்ள வீட்டில் ஆறைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். நடையின் கடைசியில் இருக்கும் சாமியறை என்னவாயிற்று? அது சாமிக்கும் எனக்கும் பொதுவான அறை. இரவு வேலை முடிந்து வந்து, படங்களுக்குக் கீழே அந்தச் சின்ன மேசையில் இருந்துதான் இந்தப் பதவிக்கான பாடம் எல்லாம் படித்தேன். அந்த அறையில் இருப்பதுதான் வீட்டிலேயே நல்ல ரேடியேட்டர். அதைப் பற்றியும் எழுதுங்கள்.

இன்னொன்று. என்னை இங்கே நிரந்தரமாக்கும் பத்திரம் வந்திருக்கிறது. ஜூன் கடைசிக்குள் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. ஏன் என்று கேட்க வேண்டாம்.

நிரூபா


கிரான்பர்ன்
ஜூன் 5

நிரூபாவுக்கு,

முள் ஒன்றுக்குக் கீழேதான் நின்றது. தண்ணீர் ஏற்றிச் சரிசெய்துவிட்டேன். குளிரில் ஒரு மாற்றமும் இல்லை.

தெர்மோஸ்டாட்டை இருபதுக்கு வைத்திருக்கிறேன். அது காட்டுவது இருபத்துநான்கு. மூக்கு நுனி விறைத்துப்போய் அதற்கு முன்னால் நிற்கிறேன், அது கூசாமல் இருபத்துநான்கு என்கிறது. கண்ணாடி கறுத்து மங்கியிருந்தது, பிழையாக வாசிக்கிறேனோ என்று நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதே இருபத்துநான்குதான்.

முப்பதுக்கு ஏற்றினேன். லோன்றியில் பொயிலர் டும் என்று தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆறும் கை வைக்க முடியாத சூடு. இவ்வளவுதானா என்று அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். விடியப்புறம் எழும்பும்போது புட்டுக் குழலுக்குள் கிடந்தது போல வேர்த்துக் கொட்டியது. திரும்ப இருபதுக்கு இறக்கிவிட்டேன். திரும்பக் குளிர்.

கையெழுத்து விடயம். வைக்க வேண்டாம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு எரித்தால் அது குடும்பம் அல்ல. வினுஷாவும் கன்பராவுக்குப் படிக்கப் போய்விட்டாள். மூன்று பேர், மூன்று ஊர். இதற்காகவா இவ்வளவு பெரிய வீட்டை வாங்கினோம்?

அதற்காக, நீர் இல்லாமல் இங்கே எதுவும் நின்றுபோய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நீர் காலையில் ஒற்றைத் திரி போட்டுக் கொஞ்ச நேரம் ஏற்றுகிற விளக்கை நான் ஐந்து திரியும் போட்டு ஏற்றுகிறேன். காலையில் எழும்பினதிலிருந்து வேலைக்குப் போகும் வரைக்கும், பின்னேரம் வந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும். விடுமுறை நாளென்றால் பகல் முழுக்க. நீர் இருந்த காலத்தில்கூட இந்த வீட்டில் இவ்வளவு நேரம் விளக்கு எரிந்ததில்லை.

சாமியறை ரேடியேட்டரில் பிரச்சினை இல்லை.

இளங்கீரன்


வெஸ்ட்மீட்
ஜூன் 10

அதிபர் அவர்களுக்கு,

ரேடியேட்டருக்கு நோயில்லை. பொயிலருக்கு நோயில்லை. தெர்மோஸ்டாட்டும் சுகதேகி. நோய் உங்களிடம்தான்.

நீங்கள் வீட்டில் இல்லாதபோது வீடு சூடு. நீங்கள் வந்து சாமி கும்பிட்டதும் குளிர். தெர்மோஸ்டாட்டின் கண்ணாடி கறுத்துப்போயிருக்கிறது. சுத்தமான நடையில், சுவரின் நடுவில், அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? அடுப்பு அங்கே இல்லை. புகைக்கிற ஆளும் நீங்கள் இல்லை. ஐந்து திரி போட்ட குத்துவிளக்கைத் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே வைத்து ஏற்றுகிறீர்கள். அந்த வெக்கையில் அது வீடு முழுக்க இருபத்துநான்கு என்று நம்பிப் பொயிலரை நிறுத்திவிடுகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், அல்லது வேலைக்குப் போனால், பொயிலர் தொடங்குகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை, சொன்ன வேலையைத்தான் செய்கிறது.

இது பிடிபட்டபோது வார்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். "வாட் இஸ் சோ ஃபன்னி, நிரூ?" என்று பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டாள். என் புருஷன் எனக்கு வீம்பு காட்ட விளக்கேற்றி, அந்த விளக்காலேயே விறைத்துப்போய் இருக்கிறார் என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. விளக்கு நடைக்கு எப்படி வந்தது? அது சாமியறையில் அல்லவா இருக்க வேண்டும்? அந்த அறையிலிருந்து சாமியைக் கிளப்பினால் அங்கே மிச்சம் இருப்பது நான்தான். சாமியையே கிளப்பின ஆள் என்னை விட்டு வைத்திருப்பாரா?

என் மேசை எங்கே?

நிரூபா


கிரான்பர்ன்
ஜூன் 14

நிரூபாவுக்கு,

ஆம். தூக்கினேன். மேசை கராஜில் இருக்கிறது. நீர் புறப்பட்டுப் போன அந்தக் கிழமையிலேயே செய்த வேலை அது. படங்கள் வைக்கும் சாமித்தட்டைக் கழற்றி நடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அறையைப் பூட்டினேன். ஆளில்லாத அறைக்கு ஏன் சூடு என்று அங்கிருந்த ரேடியேட்டரையும் இறுக்கி மூடினேன். என் வீட்டில் ஒரு மேசை கதிரையை நகர்த்த நான் சிட்னிக்கு விண்ணப்பம் போடத் தேவையில்லை.

ஏன் என்று நீர் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நீர் போனபிறகு ஒவ்வொரு விடியலும் விளக்கேற்ற அந்த அறைக்குப் போனேன். மேசையில் உம்முடைய பழைய மூக்குக்கண்ணாடி, மூடி தொலைந்த பேனை, குளிருக்குக் காலில் சுற்றிக்கொள்ளும் அந்தச் சால்வை. பார்த்தால் கோபம் வரும் என்று நினைத்தேன். கோபம் வந்திருந்தால் அப்படியே வைத்திருப்பேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அழ எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் தூக்கினேன்.

விளக்கு விடயத்தை நான் நம்பவில்லை. சோதித்துப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டுக் கதிரையைப் போட்டு நடையில் உட்கார்ந்தேன். இருபத்துநான்கு இருபத்துமூன்றாயிற்று, இருபத்திரண்டாயிற்று, பிறகு பத்தொன்பதுக்கு வந்ததும் பொயிலர் டும் என்றது. நீர் சொன்னது சரி. கணித ஆசிரியன் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் விளக்கை அணைக்க மாட்டேன். தட்டையும் நகர்த்த மாட்டேன். நிரூபா இல்லாவிட்டால் இளங்கீரன் வீட்டில் விளக்கு எரியாது என்று ஒருவரும் சொல்லக் கூடாது. குளிரில் இருந்துகொள்கிறேன். நீர் வரும்வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

இளங்கீரன்


வெஸ்ட்மீட்
ஜூன் 18

கையெழுத்து வைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தேன். அழுத இடத்தையும் வாசித்தேன். அந்த ஒரு வரியை மார்ச் மாதம் வாசலில் நின்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நீங்கள் அன்றைக்குச் சொன்னது வேறு.

அந்தப் பத்திரத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தேன். பேனையை எடுப்பேன், வைப்பேன். என்றைக்காவது திரும்பிப் போனால் எனக்கென்று ஒரு மூலை அந்த வீட்டில் இருக்கிறது என்ற நினைப்புத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. வாடகைக்கு எடுத்த இந்தச் சின்ன வீட்டில் குளிரில் படுக்கும்போதும் அந்த மேசையையும் அந்த ரேடியேட்டரின் சூட்டையும்தான் நினைப்பேன். அந்த மேசை கராஜில் கிடக்கிறது என்றால் நான் எங்கே திரும்பி வருவது? குசினிக்கா? ஜூன் கடைசி வரைக்கும் காத்திருக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

விளக்கை வைத்து வீம்பு பண்ண வேண்டாம். எந்தச் சாமியும் உங்களை விறைத்துப்போகச் சொல்லவில்லை. அந்த ஐந்து திரியும் சாமிக்காகவா, எனக்குக் காட்டவா என்று ஒரு முறை உங்களையே கேட்டுப் பாருங்கள். எனக்குக் காட்டவென்றால், நான் பார்க்கவில்லை. நான் சிட்னியில் இருக்கிறேன்.

வினுஷா போன் எடுத்தாள். "அம்மா, யூ டூ ஆர் வேர்ஸ் தான் மை ஃபிளாட்மேட்ஸ்" என்றாள். நான் மறுக்கவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

நிரூபா


கிரான்பர்ன்
ஜூன் 24

நிரூபா,

பதில் எழுத வேண்டாம் என்றீர். எழுதுகிறேன். நீர் சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

சாமித்தட்டைக் கழற்றிப் பழைய இடத்திலேயே அடித்துவிட்டேன். நடைச் சுவரில் நான்கு ஓட்டை விழுந்துவிட்டது, அவற்றை அடைக்க வேண்டும். மேசையைத் தூக்கி வந்தேன். கராஜின் ஈரத்தில் ஒரு கால் ஊறிப்போய் ஆடுகிறது. அட்டையை மடித்து அண்டை கொடுத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி, பேனை, சால்வை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. விளக்கை அந்த அறையில் ஒற்றைத் திரி போட்டுக் காலையில் ஏற்றுகிறேன். அன்று பின்னேரமே ஆறு ரேடியேட்டரும் சூடேறிவிட்டன. இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாள் திருத்தினேன்.

ஏழாவதுதான் சரிவரவில்லை. உம்முடைய அறையில் உள்ளது. நான் இறுக்கி மூடியதில் வால்வுக்குள் இருக்கும் ஊசி ஒட்டிப்பிடித்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன், எண்ணெய் விட்டுப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். அசையவில்லை. மற்ற ஆறும் சூடாக இருக்க அந்த அறை மட்டும் குளிராக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. சுஜீதனைக் கூப்பிட்டேன்.

நான் நினைத்தபடியே கேட்டான். "அக்கா எங்கை அண்ணை? ட்ரெயினிங் இன்னும் முடியேல்லையோ?"

"ட்ரெயினிங் எண்டு ஒண்டும் இல்லை. அவ சிட்னியில வேலை. ஒரு வார்டு முழுக்க அவவின்ர பொறுப்பு. நிரந்தரமாக்கிப் போட்டாங்கள்."

"அட, நல்ல விசயம்தானே! அப்ப நீங்கள் தனிய இருந்து இங்கை என்ன செய்யிறியள்?"

குத்தலாக இல்லை, சும்மாதான் கேட்டான். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் மூடியைக் கழற்றி, ஊசியின் தலையில் குறட்டின் பின்பக்கத்தால் நாலு தட்டுத் தட்டினான். அது இளகிவிட்டது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இப்போது அந்த அறையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நீர் சொன்னது சரி, வீட்டிலேயே நல்ல ரேடியேட்டர் இதுதான்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேர் குரலைத் தாழ்த்தி அனுதாபம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாரும் செத்துப்போகவில்லை, மனுசிக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, விரும்பினால் வாழ்த்துச் சொல்லலாம் என்றேன். சொன்னார்கள். உம்மிடம் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்துவிட்டேன்.

இது உம்மைத் திரும்பி வரச் சொல்லும் கடிதம் அல்ல.

இளங்கீரன்


வெஸ்ட்மீட்
ஜூன் 28

இஞ்சேருங்கோ,

வாழ்த்துக் கிடைத்தது. சுஜீதனுக்குத் தேத்தண்ணியாவது கொடுத்தீர்களா?

வீடு சூடாகிவிட்டது. ஏழும் வேலை செய்கின்றன. இனி எனக்குக் கடிதம் எழுத உங்களுக்கு ஒரு சாட்டும் இல்லை. "வீட்டு நிர்வாகம்" முடிந்துவிட்டது. இனிமேல் எழுதினால் எழுத வேண்டும் என்று எழுதியதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

சுஜீதன் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது. என்ன பதில் என்று அறிய எனக்கும் விருப்பம்.

நான் வரச் சொல்ல மாட்டேன். மார்ச் மாதத்திலிருந்து நீங்கள் என்னை எத்தனை விதமாக வரச் சொன்னீர்கள், ஒரு முறையாவது "நான் வரட்டா?" என்று கேட்டீர்களா? கேட்காத ஆளை அழைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது, அது எல்லாக் கடிதத்திலும் இருந்ததுதான். இங்கே ரேடியேட்டர் கிடையாது. ஒரு சின்ன மின்சார ஹீட்டர் மட்டும். முன்னால் இருந்தால் முழங்கால் சுடும், முதுகு விறைக்கும். வருகிற ஆள் யாராக இருந்தாலும் அதைத் தெரிந்துகொண்டு வரட்டும். நான் யாருக்காகவும் இந்த வீட்டை விட்டுக் கிளம்பப் போவதில்லை.

மேசைக் காலுக்கு அட்டை நிற்காது. வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன். எப்போது வருவேன் என்று கேட்க வேண்டாம். லீவு கிடைக்கும்போது, எனக்கு விருப்பமானபோது வருவேன், இருப்பேன், பிறகு என் வேலைக்குப் போவேன்.

நிரூபா


கிரான்பர்ன்
ஜூலை 2

நிரூபா,

தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். குடித்தான்.

அவன் கேள்விக்குப் பதில் யோசித்துப் பார்த்தேன். நான் தனிய இருந்து இங்கே ஒன்றும் செய்யவில்லை. வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறை தொடங்குகிறது. புதன்கிழமை காலை ரயிலில் புறப்பட்டு இரவு சிட்னிக்கு வருகிறேன். இரண்டு கிழமை இருப்பேன். தோற்றுப்போய் வருகிறேன் என்று சிவாஜினியிடம் சொல்ல வேண்டாம். தோற்கவில்லை. இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு எரிவது குடும்பம் அல்ல என்று நான் சொன்னதை இப்போதும் சொல்கிறேன். உம்முடைய அடுப்பை நீர் அணைக்கப் போவதில்லை என்று தெரிகிறது. அதனால் என்னுடையதை அணைத்துவிட்டு வந்து பார்க்கிறேன். அங்கே இருக்கும்வரை சமையல் என்னுடையது. எப்படி இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன், நீரும் சொல்லக் கூடாது.

புறப்படுகிற காலையில் பொயிலரை நிறுத்திவிடுவேன். மே மாதத்திலிருந்து இதோடு சண்டை பிடித்துச் சூடாக்கிவிட்டு, என் கையாலேயே நிறுத்துவதும் ஒரு வேடிக்கைதான். ஆளில்லாத வீட்டுக்கு ஏன் சூடு? ஆனால் உம்முடைய அறை ரேடியேட்டரை மூட மாட்டேன். திறந்தபடியே விட்டு வருவேன். மறுபடியும் ஒட்டிக்கொண்டால் சுஜீதன் மறுபடியும் ஏதாவது கேட்பான்.

நான் வரட்டா என்று கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர். அந்த இரண்டு சொல்லையும் எழுதிவிட்டேன், முந்தின வரியிலேயே இருக்கின்றன பாரும்.

போன் எடுக்க மாட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான். வந்து மணி அடிப்பேன். திறப்பதும் திறக்காததும் உம்முடைய பொறுப்பு.

இளங்கீரன்


வெஸ்ட்மீட்
ஜூலை 5
எக்ஸ்பிரஸ் தபாலில்

இஞ்சேருங்கோ,

இங்கே மணி பழுது. நான் வந்த நாளிலிருந்து அப்படித்தான். வர ஆளில்லாத வாசலுக்கு மணி எதற்கு என்று திருத்தவில்லை. இனியும் திருத்த மாட்டேன், வந்து நீங்கள் திருத்துங்கள்.

கதவைத் தட்டுங்கள். ஹீட்டர் இரைச்சலில் மெல்லத் தட்டினால் கேட்காது. பலமாகத் தட்டுங்கள்.

நிரூபா